ரிலே காண்டாக்டில் இருப்பது யாருடைய வோல்டேஜ்?

ஐடிஐ முடித்துவிட்டு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு நல்ல ரிலேயை (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) கெட்டுப்போனது என்று சொல்லிக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். புதிதாக ஒரு சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின், வந்திருந்தது. அது ட்ரிப் ஆனால், அதாவது கோளாறில் தானாக நின்றால், எங்கள் கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்து ஹூட்டர் அலற வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சில்லர் பேனல் டிராயிங்கில் 11, 12, 14 என்று மூன்று டெர்மினல், பக்கத்தில் ‘பொட்டென்ஷியல் ஃப்ரீ காண்டாக்ட்’ என்று எழுதியிருந்தது. ட்ரிப் ஆனால் அங்கே 230 வோல்ட் வரும், அதை இரண்டு ஒயரில் இழுத்து வந்து விளக்குக்குக் கொடுத்தால் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 11-லும் 14-லும் பிடித்துக்கொண்டு ட்ரிப் பண்ணச் சொன்னேன். ரிலே டிக் என்று அடித்தது. மீட்டரில் பூஜ்யம். மறுபடி டிக், மறுபடி பூஜ்யம். ‘அண்ணே, ரிலே போயிருச்சு’ என்று ஃபோர்மேனிடம் போய் நின்றேன்.

அவர் பாகூர்க்காரர், ஏரிப் பாசனத்தில் விவசாயம் பார்க்கிற குடும்பம். ரிலேயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, மதகுல தண்ணி இருக்குமா, ஏரியில தண்ணி இருக்குமா?’ என்று கேட்டார்.

‘ஏரியிலதாண்ணே.’

‘அப்போ மதக மட்டும் தூக்கிப் பார்த்துட்டு தண்ணி வரலன்னா எப்படி? ஏரி உன்கிட்ட இருக்கு. நீ அந்தப் பக்கம் தண்ணிய நிப்பாட்டு, அது திறந்து விடும், மூடும். அவ்ளோதான் அதோட வேல.’

அப்புறம் அவரே எங்கள் கன்ட்ரோல் சப்ளையில் இருந்து ஒரு 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஃபேஸ் எடுத்து 11-க்குக் கொடுத்து, 14-ல் இருந்து விளக்குக்குத் திருப்பிக் கொண்டுவந்து, விளக்கின் மறுமுனையில் எங்கள் நியூட்ரலையே போட்டார். ட்ரிப் பண்ணியதும் விளக்கு எரிந்தது. அன்றைக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரிய எனக்குக் கடலூரில் ஒரு ஷாக் அடிக்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாதனத்தைப் பார்த்துவிடலாம். ரிலேக்குள் இருப்பது இரண்டு தனி சர்க்யூட். ஏ1, ஏ2 என்பது காயில். அதற்கு சப்ளை கொடுத்தால் காந்தமாகி ஆர்மேச்சரை இழுக்கிறது, ஆர்மேச்சரோடு சேர்ந்த தகடு 12-ஐ விட்டுவிட்டு 14-ல் போய் ஒட்டிக்கொள்கிறது. 11 காமன், 12 என்.சி (நார்மலி க்ளோஸ்ட், மூடியிருப்பது), 14 என்.ஓ (நார்மலி ஓப்பன், திறந்திருப்பது). இன்னொரு செட் இருந்தால் 21, 22, 24. வட்டமாக 8 பின் உள்ள பழைய ரிலே என்றால் 2-ம் 7-ம் காயில், 1-ம் 8-ம் காமன், 3-ம் 6-ம் என்.ஓ, 4-ம் 5-ம் என்.சி. இதை மனப்பாடம் செய்து வைத்தால் பாதி நேரம் டிராயிங் தேட வேண்டியதில்லை. காயிலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவில் ஒயர் சம்பந்தம் எதுவும் கிடையாது, காந்த இழுப்பு மட்டும்தான். காயிலில் 24 வோல்ட் டிசி ஓடும்போது காண்டாக்டில் 230 ஏசி ஓடலாம், வேறு பேனலின் சப்ளை ஓடலாம், எதுவுமே ஓடாமலும் இருக்கலாம். பேனல் செய்தவர் அந்தக் காண்டாக்டின் இரண்டு முனையையும் எதிலும் லூப் போடாமல் அப்படியே டெர்மினலுக்குக் கொண்டுவந்து விட்டால், அதுதான் பொட்டென்ஷியல் ஃப்ரீ காண்டாக்ட். ட்ரை காண்டாக்ட், வோல்ட் ஃப்ரீ, பி.எஃப்.சி, எல்லாம் ஒன்றுதான். அதே ரிலேயின் 11-க்கு பேனலுக்குள்ளேயே ஃபேஸைக் கொடுத்து 14-ஐ வெளியே விட்டால் அது பி.எஃப்.சி ஆகாது, அங்கே சப்ளை ஏறித்தான் வரும். ரிலே மாறவில்லை, ஒரு லூப் ஒயர்தான் மாறியது.

ஏன் இப்படிக் கொடுக்கிறார்கள் என்றால், சில்லர் செய்கிறவருக்கு வாங்குகிறவர் கன்ட்ரோல் ரூமில் என்ன சப்ளை வைத்திருக்கிறார் என்று தெரியாது. ஒரு இடத்தில் பி.எல்.சி (மெஷின்களை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்), 24 வோல்ட் டிசி. இன்னொரு இடத்தில் 110 ஏசி. சப் ஸ்டேஷனில் பேட்டரியில் ஓடும் 110 டிசி. வெறும் காண்டாக்டைக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவர் தன் வோல்டேஜைத் தானே கொண்டுவருவார், இரண்டு பேர் சப்ளையும் ஒன்றோடொன்று கலக்காது, ஒரு பக்கம் எர்த் ஃபால்ட் ஆனாலும் மறுபக்கம் ஃபியூஸ் போகாது. ஃபயர் அலாரம் பேனல், ஜெனரேட்டரின் ரிமோட் ஸ்டார்ட், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி ஃப்ளோட் சுவிட்ச் என்று எங்கெல்லாம் இரண்டு தனித்தனி ஆட்களின் மெஷின்கள் பேசிக்கொள்ள வேண்டுமோ அங்கெல்லாம் இதுதான்.

மீட்டர் வைத்துப் பார்க்கும்போது புதியவர்கள் எல்லாருமே தடுமாறும் ஒரு இடம் இருக்கிறது. காண்டாக்டுக்கு வோல்டேஜ் கொடுத்து, லோடும் மாட்டிய பிறகு, 11-க்கும் 14-க்கும் நடுவில் மீட்டரைப் பிடித்தால், காண்டாக்ட் திறந்திருக்கும்போதுதான் முழு 230 காட்டும். மூடினால் பூஜ்யம். பார்க்கிறவர் ‘மூடினதும் வோல்டேஜ் போயிருச்சே’ என்பார். இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டால் நடுவில் வித்தியாசம் எப்படி இருக்கும்? அதனால் நான் எப்போதும் ஒரு புரோபை நியூட்ரலிலோ டிசி என்றால் மைனஸிலோ நிறுத்திவிட்டு, இன்னொன்றால் முதலில் 11, அப்புறம் 14 என்று தொடுவேன். 11-ல் எப்போதும் இருக்க வேண்டும், 14-ல் காண்டாக்ட் மூடினால் மட்டும் இருக்க வேண்டும். வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்காமல் கண்டினியூட்டியில் வைத்து பீப் சத்தம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். பி.எஃப்.சி என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி அப்படித் தொட்டு மீட்டர் ஃபியூஸைப் போக்கியவர்கள் உண்டு. ஃபியூஸோடு போனால் அது நல்ல மீட்டர்.

இப்போது கடலூர்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. நான் அப்போது சிப்காட் பக்கம் ஒரு ஆலையில் கான்ட்ராக்டில் இருந்தேன். கூரை ஷீட் பறந்து பேனல் ரூமுக்குள் மழை இறங்கியிருந்தது. லைன் சப்ளை இல்லை, ஜெனரேட்டரை வைத்துத் தேவையான பேனலுக்கு மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நனைந்த பேனல்களைத் திறந்து ஹாலஜன் விளக்கு வைத்துக் காயவைப்பதும், டெர்மினல்களைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும்தான் ஜனவரி முதல் வாரம் முழுக்க வேலை.

ஒரு பம்ப் ஸ்டார்டர் பேனல். மெயின் ஐசோலேட்டரை (பேனலுக்கு வரும் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டுப் போட்டு சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆர், ஒய், பி மூன்று ஃபேஸையும் பார்த்தேன், வோல்டேஜ் இல்லை. கன்ட்ரோல் டெர்மினல் வரிசையையும் எர்த்துக்கு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அதிலும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடி எல்லாமே செய்தேன். இருபது நிமிஷம் போயிருக்கும். கீழ் வரிசையில் இருபத்தேழாம் டெர்மினல், காண்டாக்டரின் (மோட்டாருக்குப் பவரை விடும் பெரிய ரிலே) துணைக் காண்டாக்ட் 13, 14-ல் இருந்து வெளியே போகும் இரண்டு ஒயரில் ஒன்று. ஸ்க்ரூவைத் தளர்த்தி லக்கை இழுக்க விரலை வைத்தேன். முழங்கை வரை ஒரு உதை. கை தானாகப் பின்னால் போய் கதவு விளிம்பில் அடித்துக் கிழிந்தது, வலது முன்னங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஈரத் தரையில் ரப்பர் பாய் விரித்து நின்றதால்தான் அதோடு போயிற்று.

என்ன நடந்தது என்றால், அந்த 13-14 பக்கத்து புளோயர் பேனலின் இன்டர்லாக். பம்ப் ஓடினால்தான் புளோயர் ஓட வேண்டும் என்பதற்காகப் புளோயர் பேனல்காரர் தன் 230-ஐ எங்கள் பேனலுக்கு அனுப்பி, இந்தக் காண்டாக்ட் வழியாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறார். முறையான பி.எஃப்.சி, டிராயிங்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் மீட்டர் வைத்துப் பார்த்த நேரத்தில் புளோயர் பேனலுக்கு சப்ளை இல்லை. இருபது நிமிஷம் கழித்து ஜெனரேட்டரை அந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். என் பூட்டு பத்திரமாக இருந்தது, சாவி பையிலேயே இருந்தது, ஆனாலும் என் பேனலுக்குள் வோல்டேஜ் வந்துவிட்டது.

‘வோல்டேஜ் ஃப்ரீ’ என்ற பெயர் மீது எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அந்தக் காண்டாக்டுக்கு என்று சொந்த வோல்டேஜ் இல்லை என்பது மட்டும்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அங்கே வோல்டேஜே இருக்காது என்று யாரும் சொல்லவில்லை, நாமாக அப்படிப் படித்துக்கொள்கிறோம். சொல்லப்போனால் உங்கள் பேனலிலேயே ஆபத்தான டெர்மினல் அதுதான், ஏனென்றால் மற்றவை உங்கள் ஐசோலேட்டருக்குக் கட்டுப்படும், அது மட்டும் அடுத்தவர் ஐசோலேட்டருக்குக் கட்டுப்பட்டது. அன்றிலிருந்து எந்த பி.எஃப்.சி-யைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்கும் கேள்வி, இதில் வரும் வோல்டேஜ் யாருடையது? அவர் எங்கே இருக்கிறார், அவர் ஃபியூஸ் எது, அதை இப்போது எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள முடியுமா? மீட்டர் இந்த நிமிஷத்தைத்தான் காட்டும். அடுத்த நிமிஷத்துக்கு ஃபியூஸ் நம் கையில் இருக்க வேண்டும்.

ஐ.இ.சி 60204-1 என்கிற மெஷின் ஒயரிங் ஸ்டாண்டர்டில் இதற்கென்றே ஒரு நிறம் சொல்லியிருக்கிறார்கள். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் உயிரோடு இருக்கும், வெளியில் இருந்து சப்ளை வரும் சர்க்யூட்டுக்கு ஆரஞ்சு. ஏசி கன்ட்ரோல் சிவப்பு, டிசி கன்ட்ரோல் நீலம். நல்ல பேனல் என்றால் பி.எஃப்.சி டெர்மினல் வரை ஆரஞ்சு ஒயர் வந்திருக்கும். இல்லாத பேனலில் நான் கழற்றும் வாய்ப்பு வரும்போதெல்லாம் மாற்றிவிடுகிறேன், அதோடு அந்த டெர்மினலை மட்டும் கத்தி மாதிரித் தூக்கித் துண்டிக்கும் வகைக்கு மாற்றி, மேலே எந்தப் பேனலில் இருந்து சப்ளை வருகிறது என்று தமிழில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். ஸ்டிக்கருக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது.

சரி, இனி வேறு தவறுகள். மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு பையன் பி.எல்.சி-யின் 24 வோல்ட் இன்புட்டுக்குள் 230-ஐ விட்டுவிட்டான், ஒரு இன்புட் கார்டு போயிற்று. அவன் எடுத்த ஒயர் பி.எஃப்.சி என்று ஃபெருல் (ஒயரின் அடையாள வளையம்) போட்டதுதான், ஆனால் முன்னால் இருந்த யாரோ பேனலுக்குள் விளக்குக்காக 11-ல் ஃபேஸ் லூப் போட்டு வைத்திருக்கிறார். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒயரை மாட்டும் முன் இரண்டு முனையையும் எர்த்துக்கு ஏசியிலும் டிசியிலும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த மாதிரி சந்தேகம் இருக்கும் இடத்தில் நடுவில் இன்னொரு ரிலே போட்டுவிட வேண்டும், அவர்கள் சப்ளை அதன் காயிலோடு நின்றுவிடும், நம் 24 அதன் காண்டாக்டோடு நின்றுவிடும். அதே ரிலேயில் ஒரு செட்டில் 230-ம் பக்கத்து செட்டில் பி.எல்.சி 24-ம் ஓட்டுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள், எல்லா ரிலேயிலும் அந்த இரண்டு செட்டுக்கு நடுவில் அதற்குப் போதுமான இடைவெளி இருக்காது. இன்னொன்று, நம் வீட்டில் இருந்து கிளம்பிய வோல்டேஜ் நம் வீட்டுக்கே திரும்ப வேண்டும். ஃபேஸ் நம்முடையது, நியூட்ரல் அவர்களுடையது என்று ஒயர் மிச்சம் பிடித்தால் வேலை செய்கிற மாதிரி இருக்கும், என்றைக்காவது ஒரு நாள் பெரிதாகப் போகும்.

பெரிய வோல்டேஜைவிட என்னை அதிக நாள் அலைக்கழித்தது சின்னக் கரண்ட். சிப்காட்டில் இருந்தபோதே நடந்தது இது. ஒரு டேங்க் லெவல் சிக்னல், பி.எல்.சி-க்குப் போவது, வாரத்தில் இரண்டு நாள் வராது. போய் ரிலேயைத் தட்டினால் வரும். ஒயரை மாற்றினேன், டெர்மினலை மாற்றினேன், கடைசியில் ‘கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று 10 ஆம்பியர் ரிலே வாங்கிப் போட்டேன். இன்னும் மோசமானது. ஒரு நாள் அந்த ரிலேயின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். காண்டாக்ட் பொட்டு கறுத்துக் கிடந்தது, தங்கச்சியின் பழைய வெள்ளிக் கொலுசு எப்படி இருக்குமோ அதே கறுப்பு. அப்போதுதான் பொறி தட்டியது. காண்டாக்ட் வெள்ளிக் கலவை, அந்த ஆலைக் காற்றில் கந்தகம், கொலுசுக்கு வருவதுதான் ரிலேக்கும் வருகிறது. வெள்ளி சல்ஃபைடு படலம் கரண்டை விடாது. ஒரு காண்டாக்டர் காயிலையோ விளக்கையோ ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் வரும் சின்னப் பொறி அந்தப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடும். பி.எல்.சி இன்புட் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், அதில் பொறியும் கிடையாது, சுத்தமும் கிடையாது.

ரிலே கேட்டலாக்கில் எல்லாரும் 10 ஆம்பியர் என்ற மேல் எல்லையைத்தான் பார்க்கிறோம். அதற்குக் கீழே குறைந்தபட்ச லோடு என்று ஒரு வரி இருக்கும். 5 வோல்ட் டிசியில் 100 மில்லி ஆம்பியர் என்று போட்ட 10 ஆம்பியர் ரிலேயை நானே பார்த்திருக்கிறேன், அதை எடுத்துச் சில மில்லி ஆம்பியர் வேலைக்கு வைத்தால் அது என்ன செய்யும், பாவம். தங்கமுலாம் போட்ட காண்டாக்ட், அல்லது பொட்டு இரண்டாகப் பிளந்த இரட்டைக் காண்டாக்ட் உள்ள சின்ன ரிலே வாங்கிப் போட்ட பிறகு அந்தச் சிக்னல் நான் அங்கிருந்து வரும் வரை ஒரு நாள்கூடத் தொந்தரவு செய்யவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு 230 வோல்ட் விளக்கையோ காயிலையோ அதில் மாட்டி ஓட்டிவிடாதீர்கள். தங்கம் மெல்லிய பூச்சு, ஒரு தடவை எரிந்தால் போனதுதான், அப்புறம் அது சாதாரண வெள்ளி ரிலே. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான்.

மேல் எல்லையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 250 வோல்ட் ஏசியில் 10 ஆம்பியர், 30 வோல்ட் டிசியில் 10 ஆம்பியர் என்று ரிலேயின் மேலேயே அச்சடித்திருக்கும். அதை வைத்து 110 டிசியில் இரண்டு மூன்று ஆம்பியர் தாங்காதா என்று நினைத்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு எரியும். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, பொறி அங்கே தானாக அணைந்துவிடும். டிசிக்கு அந்த மூச்சு இல்லை. சாதாரண ரிலே 110 டிசியில் அரை ஆம்பியர் அளவில்தான் நிற்கும், அதுவும் காயில் லோடு என்றால் இன்னும் குறையும். லோடு டிசி காயில் என்றால் பொறியைக் குறைக்க அந்தக் காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள், வெள்ளைக் கோடு உள்ள முனை ப்ளஸ் பக்கம்.

அடுத்து என்.ஓ, என்.சி குழப்பம். நார்மல் என்றால் மெஷின் நன்றாக ஓடும் நிலை என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். ரிலேயைப் பொறுத்தவரை நார்மல் என்றால் காயிலில் சப்ளை இல்லாமல் கடைப் பெட்டியில் கிடக்கும் நிலை. ஃபேஸ் ஃபெயிலியர் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால் அது இழுத்து நிற்கும், ஒன்று போனால் விட்டுவிடும். ஆக எல்லாம் நன்றாக இருக்கும்போது அதன் 11-14 மூடியிருக்கும். பெட்டியில் இருக்கும்போது கண்டினியூட்டி பார்த்துவிட்டு, மூடியிருப்பது 11-12தான் என்று அதை மாட்டினால் மோட்டார் சிங்கிள் ஃபேசிங்கில், அதாவது ஒரு ஃபேஸ் போன பிறகுதான் ஓடும். ஓவர்லோட் ரிலே (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் ட்ரிப் ஆவது) வேறு மாதிரி, 95-96 எப்போதும் மூடியிருந்து ட்ரிப்பில் திறக்கும், 97-98 ட்ரிப்பில் மூடும். ஸ்டார்டர் காயில் 95-96 வழியாகத்தான் போக வேண்டும், அலாரம் விளக்கு 97-98-ல்.

எதை அலாரத்துக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுச்சேரியில் ஒரு கட்டிடத்தில் ஃபயர் பேனலில் இருந்து ஏர் கண்டிஷன் புளோயரை நிறுத்தும் சிக்னலை என்.ஓ-வில் மாட்டியிருந்தார்கள். தீ என்றால் மூடும், மூடினால் புளோயர் நிற்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி அந்த ஒயரை எப்போதோ கடித்துவிட்டது. எத்தனை மாதமாக அது அறுந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, வருடாந்திர டெஸ்டில் புளோயர் நிற்காமல் புகை டெஸ்ட் ஸ்பிரேயை உறிஞ்சிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது. நல்ல நிலையில் மூடியிருந்து, ஆபத்தில் திறக்கும்படி மாட்டியிருந்தால் எலி கடித்த அந்த நிமிஷமே புளோயர் நின்று நாம் போய்ப் பார்த்திருப்போம். உயிர் சம்பந்தப்பட்ட சிக்னல் எதுவானாலும் ஒயர் அறுந்தால் தெரிகிற மாதிரி மாட்டுங்கள், தேவையில்லாமல் இரண்டு தடவை நின்றாலும் பரவாயில்லை.

நீளமான ஒயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை பம்ப் ஹவுஸ் வரை முந்நூறு மீட்டர் கேபிள், பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில். அந்தக் கோடியில் காண்டாக்ட் திறந்திருக்கும்போதே இந்தக் கோடியில் மல்டிமீட்டர் 90 வோல்ட் காட்டியது. காண்டாக்ட் ஒழுகுகிறது என்று ரிலேயை மாற்றினார்கள், அதே 90. டெஸ்ட் லேம்ப் வைத்தால் இழைகூடச் சிவக்கவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு பொதுவாக 10 மெகா ஓம், பக்கத்து ஒயரில் இருந்து கெப்பாசிட்டன்ஸில் தாவும் துளிக் கரண்டுக்கே அது வோல்டேஜ் காட்டும். லோடு வைத்தால் விழுந்துவிடும். ஆனால் அதைப் பேய் வோல்டேஜ் என்று அலட்சியப்படுத்தவும் முடியாது, சின்ன ஏசி ரிலே ஒன்று அந்தத் துளியிலேயே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதை அங்கேதான் பார்த்தேன், ஸ்டாப் அழுத்தினாலும் பம்ப் நிற்கவில்லை. அந்தக் கட்டளையை 24 டிசிக்கு மாற்றி, பம்ப் ஹவுஸ் பேனலுக்குள் ஒரு ரிலே போட்டுத் தீர்த்தோம். காண்டாக்டுக்குக் குறுக்கே ஆர்.சி ஸ்னப்பர் (பொறியை அடக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்) போட்டிருந்தாலும் இதே கதைதான், திறந்த காண்டாக்ட் முழுசாகத் திறந்ததாக இருக்காது.

இதெல்லாம் ஆலைக்குள் நடப்பது என்று விட்டுவிட்டால் தப்பு. போன கோடையில் பண்ருட்டிப் பக்கம் மாமா தோப்புக்குப் போயிருந்தேன். 5 எச்பி மோட்டார், மூன்று ஃபேஸ் ஸ்டார்டர், சிமெண்ட் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச், தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். ஃப்ளோட் சுவிட்சும் அசல் வோல்டேஜ் ஃப்ரீ காண்டாக்ட்தான், எடுத்துக்கொண்டு வருவது யார் வோல்டேஜ் என்று ஸ்டார்டரைத் திறந்தேன். காயிலில் 415 வோல்ட் என்று எழுதியிருந்தது. அந்த ஃபேஸ்தான் ஃப்ளோட்டின் கறுப்பு ஒயரில் ஏறி, தொட்டித் தண்ணீருக்குள் போய், திரும்பி வருகிறது. வெயிலில் ஐந்து வருஷம் கிடந்த ஒயர், வளையும் இடத்தில் மேல்தோல் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. அதே தொட்டியில்தான் மாடு இரண்டும் தண்ணி குடிக்கின்றன, அத்தை குடத்தை முக்குகிறார்.

‘அஞ்சு வருஷமா நல்லாத்தாண்டா ஓடுது’ என்றார் மாமா. நான் ஒயரை வளைத்து வெடிப்பைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய் மெயினை இறக்கிவிட்டு வந்தார்.

பண்ருட்டிக் கடையில் அந்த ஸ்டார்டருக்கான 230 வோல்ட் காயில் தனியாகவே கிடைத்தது. சாதாரண 8 பின் ரிலேயின் காண்டாக்ட் 250 வோல்ட்டுக்குத்தான், 415-ல் அதை வைக்கக் கூடாது, அதனால் முதலில் காயிலை மாற்றினேன். அப்புறம் 230-க்கு 24 கொடுக்கும், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர், 24 வோல்ட் ஏசி காயில் உள்ள ஒரு ரிலே, இரண்டு பக்கமும் ஃபியூஸ். ஃப்ளோட்டுக்குப் போவது இப்போது அந்த 24 மட்டும்தான். அது ரிலே காயிலை இழுக்கிறது, ரிலேயின் 1-ம் 3-ம் ஸ்டார்டர் காயிலுக்கு ஓவர்லோடின் 95-96-ஓடு வரிசையில் நிற்கிறது. ஃப்ளோட் ஒயர் அறுந்தால் ரிலே விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். ஃப்ளோட்டையும் புது ஒயரோடு மாற்றிவிட்டு, தொட்டி நிறையும் வரை மாமாவும் நானும் திட்டுமேல் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் மேல் கோட்டைத் தொட்டதும் ஃப்ளோட் சாய்ந்தது, ஸ்டார்டர் பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம், பின்னாலேயே காண்டாக்டர் டப்பென்று விட்டது.